பிறக்கும்போது நல்ல சிறுநீரகம், ஐந்து வயதிலும் அப்படியே இருக்க: ஸ்பைனா பிஃபிடா குழந்தைகளுக்காக ஒன்பது மையங்கள் எடுத்த முயற்சி

ஸ்பைனா பிஃபிடா எனப்படும் முதுகெலும்புப் பிளவோடு ஒரு குழந்தை பிறந்தால், முதல் வாரத்தில் எல்லோருடைய கவனமும் முதுகில் இருக்கும் திறப்பின் மீதுதான். கால்கள் அசைகின்றனவா என்று பார்க்கிறார்கள். தலையில் நீர் சேர்கிறதா என்று தினமும் நாடாவால் சுற்றளவு எடுக்கிறார்கள். சிறுநீரகத்தைப் பற்றிய பேச்சு அந்த வாரத்தில் பெரிதாக எழுவதில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்போது அது நன்றாகவே இருக்கிறது என்பதே அதற்குக் காரணம். கவனிக்காமல் விட்டால், அதே சிறுநீரகம் பள்ளிக்குப் போகும் வயதுக்கு முன்பே பழுதடைந்துவிடக்கூடும்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது ஒன்றுதான். இந்தப் பழுது குழந்தையோடு பிறப்பதில்லை, பிறகு வந்து சேருகிறது. ஆகவே தடுக்க முடியும். ஆனால் தடுப்பதற்கு எத்தனை சோதனை, எவ்வளவு மருந்து, எப்போது தொடங்குவது என்பதில் மருத்துவர்களிடையே பல பத்தாண்டுகளாக ஒத்த கருத்து இல்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2012-இல் இதற்கென ஒரு குழுவைக் கூட்டியது. 2014 முதல் ஒன்பது சிகிச்சை மையங்களுக்கு நிதி கொடுத்து, பிறந்த நாளிலிருந்து ஐந்து வயது வரை ஒரே நடைமுறையைக் கடைப்பிடிக்கச் செய்தது. அம்பயர் என்று சுருக்கப் பெயர் பெற்ற அந்த முயற்சிதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

கோளாறு எங்கே இருக்கிறது

கரு உருவாகி ஏறத்தாழ 28 நாட்களுக்குள், பின்னாளில் தண்டுவடமாக வளரவேண்டிய நரம்புக்குழல் மூடிக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் மூடாமல் நின்றுவிட்டால் அங்கே முதுகெலும்பு பிளந்திருக்கும். கடுமையான வடிவத்தில் தண்டுவடமும் அதன் உறைகளும் வெளியே பிதுங்கியிருக்கும். சிறுநீர்ப்பைக்கும் அதன் வாயிலில் உள்ள சுருக்குத் தசைக்கும் போகும் நரம்புகள் தண்டுவடத்தின் அடிக்கோடியிலிருந்து கிளம்புகின்றன. அதனால் பிளவு எந்த உயரத்தில் இருந்தாலும் சிறுநீர்ப்பை தப்புவது அரிது. நன்றாக நடக்கும் குழந்தைக்கும் சிறுநீர்ப்பை மோசமாக இருக்கலாம். கால் அசைவை வைத்துச் சிறுநீர்ப்பையின் நிலையைக் கணிக்கவே கூடாது.

ஆரோக்கியமான சிறுநீர்ப்பை நிரம்பும்போது தளர்ந்து கொடுக்கும், உள்ளே அழுத்தம் ஏறாது. சிறுநீர் கழிக்கும்போது பை சுருங்க, வாயில் தசை திறந்துகொள்ளும். முதுகெலும்புப் பிளவில் இந்த இசைவு குலைகிறது. சில குழந்தைகளுக்குப் பை சுருங்கும் அதே நேரத்தில் வாயிலும் இறுகிக்கொள்கிறது. வெளியேற வழியில்லாத சிறுநீர் பையின் சுவரை அழுத்துகிறது. சுவர் தடித்து, விரியும் தன்மையை இழக்கிறது. சிறுநீரகத்திலிருந்து இறங்கிவரும் குழாய்கள் அந்த அழுத்தத்துக்கு எதிராகச் சிறுநீரைத் தள்ள முடியாமல் வீங்குகின்றன, அல்லது சிறுநீர் அவற்றின் வழியே மேல்நோக்கித் திரும்பி ஏறுகிறது. அதில் கிருமியும் சேர்ந்துகொண்டால் சிறுநீரகத் திசுவில் தழும்பு விழுகிறது. விழுந்த தழும்பு மறைவதில்லை.

இத்தனையும் சத்தமில்லாமல் நடக்கிறது. குழந்தைக்கு வலி தெரிவதில்லை. டயப்பர் நனைந்துகொண்டே இருப்பதால் வீட்டாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆனால் ஆபத்தான சிறுநீர்ப்பையிலும் டயப்பர் நனையும். அழுத்தம் தாங்க முடியாத அளவுக்கு ஏறிய பிறகு, வாயிலைப் பிதுக்கிக்கொண்டு கசிவதும் நனைவாகத்தான் தெரியும். எனவே எந்த அழுத்தத்தில் கசிகிறது என்பதை அளந்தால்தான் உண்மை தெரியவரும்.

மூன்று கட்டுரைகள்

இந்தப் புரிதல் ஒரே நாளில் வந்ததல்ல. 1950-களுக்கு முன் இக்குழந்தைகளில் பலர் தலைநீராலும் மூளைக்காய்ச்சலாலும் கைக்குழந்தைப் பருவத்திலேயே இறந்தார்கள். ஜான் ஹோல்டர் என்ற அமெரிக்க இயந்திரத் தொழிலாளியின் மகன் ஸ்பைனா பிஃபிடாவோடும் தலைநீரோடும் பிறந்தான். அந்தத் தந்தை சிலிக்கோனில் வடிவமைத்த வால்வு 1956-இல் பயன்பாட்டுக்கு வந்து, தலைநீரை வடிக்க வழி செய்தது. குழந்தைகள் பிழைத்து வளர்ந்தார்கள். பிழைத்தவர்களைச் சிறுநீரகச் செயலிழப்பு பின்தொடர்ந்தது. அந்நாளில் இருந்த பெரிய மாற்று, குடலின் ஒரு துண்டை எடுத்துச் சிறுநீரை வயிற்றின் மேல் ஒரு பையில் வடியவிடும் அறுவைச் சிகிச்சை. வேறு வழி இல்லாத காலத்தில் அது உதவியது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, அப்படி அறுவை செய்யப்பட்ட பலரின் சிறுநீரகங்களும் கெட்டுக்கொண்டே போயின.

திருப்பம் 1972-இல் வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜாக் லாபிடிஸும் அவருடைய குழுவினரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். கிருமி நீக்கிய கையுறை, கிருமி நீக்கிய கருவிகள் எதுவும் இல்லாமல், சோப்புப் போட்டுக் கழுவிய கையால், கதீட்டர் எனப்படும் சுத்தமான மெல்லிய குழாயைக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர்ப்பைக்குள் செலுத்திச் சிறுநீரை வடித்தால் போதும் என்றார்கள். தொற்றுக்கு மூல காரணம் வெளியிலிருந்து போகும் கிருமியைவிட, நிரம்பி விம்மிய பையின் சுவரில் ரத்த ஓட்டம் குறைவதுதான் என்பது லாபிடிஸின் வாதம். பை விம்மாமல் பார்த்துக்கொண்டால் உடல் கிருமியைச் சமாளித்துக்கொள்ளும். அன்றைய மருத்துவ உலகுக்கு இது அதிர்ச்சிதான். மருத்துவமனைச் சுவர்களுக்குள் மட்டுமே நடந்துவந்த ஒரு வேலையை வீட்டில் ஒரு தாய் செய்யலாம் என்று ஆக்கிய அந்தக் கட்டுரை, எண்ணற்ற குழந்தைகளின் சிறுநீரகத்தைக் காத்தது என்று தயங்காமல் சொல்வேன்.

அடுத்தது 1981. அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் எட்வர்ட் மெக்வயரும் உடனிருந்தவர்களும் 42 நோயாளிகளைச் சராசரியாக ஏழாண்டுகள் பின்தொடர்ந்து, எந்த அழுத்தத்தில் சிறுநீர் கசிகிறது என்பதை ஒப்பிட்டார்கள். 40 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரை கசிந்தவர்கள் 20 பேர். அவர்களில் ஒருவருக்குக்கூடச் சிறுநீர் மேலேறவில்லை, இரண்டு பேருக்கு மட்டும் குழாய் விரிந்திருந்தது. 40-க்கு மேல் போனபின் கசிந்தவர்கள் 22 பேர். அவர்களில் 15 பேருக்குச் சிறுநீர் மேலேறியது, 18 பேருக்குக் குழாய் விரிந்திருந்தது. ஒரு மெல்லிய குழாயில் தண்ணீரை 40 செ.மீ. உயரத்துக்கு நிறுத்தினால் அடியில் இருக்கும் அழுத்தம்தான் இது, ஒரு முழத்துக்கும் குறைவு. அந்தச் சின்ன உயரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு வேறு எதிர்காலங்கள் இருந்தன.

மூன்றாவது, 1984-இல் பாஸ்டனிலிருந்து ஸ்டூவர்ட் பாவரின் குழு வெளியிட்டது. பிறந்த குழந்தைகளிலேயே இந்த அளவீட்டைச் செய்யலாம் என்றும், பை சுருங்கும்போது வாயில் இறுகும் குழந்தைகளில் ஏறத்தாழப் பத்தில் ஏழு பேருக்குச் சிறுநீர்ப் பாதை கெடுகிறது என்றும் அது காட்டியது. பையும் வாயிலும் இணக்கமாக இயங்கியவர்களில் இந்த விகிதம் மிகக் குறைவு. ஆபத்து யாருக்கு என்று முன்கூட்டியே சொல்ல முடியும் என்றால், சேதம் தெரியும்வரை காத்திருப்பதற்கு நியாயம் என்ன?

இரண்டு தரப்புகள், ஒரு நடைமுறை

ஆனாலும் காத்திருப்பவர்கள் இருந்தார்கள். அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. பிறந்ததிலிருந்தே எல்லாக் குழந்தைக்கும் கதீட்டர், எல்லாக் குழந்தைக்கும் மருந்து என்று தொடங்கினால், தேவைப்படாத குழந்தைகளும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கும். வடிப்பதே சில நேரம் தொற்றுக்கு வாயிலாகும். ஸ்கேனில் மாற்றம் தெரிந்தால் தொடங்கலாமே என்றார்கள். மறுதரப்போ, ஸ்கேனில் தெரியும்போது சுவர் ஏற்கெனவே தடித்திருக்கும் என்றது. ஆளுக்கொரு மருத்துவமனை, மருத்துவமனைக்கொரு வழக்கம் என்று காலம் ஓடியது.

அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 குழந்தைகள் இந்தப் பிளவோடு பிறக்கிறார்கள். அவர்களும் நாடெங்கும் சிதறியிருக்கிறார்கள். பாதிப் பேருக்குச் சிகிச்சை, பாதிப் பேருக்குக் காத்திருப்பு என்று சீட்டுக் குலுக்கி ஒப்பிடும் ஆய்வுக்கு இந்த எண்ணிக்கை எளிதில் ஒத்துவராது. சிறுநீரகத்தைப் பணயம் வைக்கும் அத்தகைய சோதனைக்கு எந்தப் பெற்றோர் சம்மதிப்பார்கள்? எனவே அம்பயர் குழு வேறொரு வழியைத் தேர்ந்தது. பங்குபெறும் எல்லா மையங்களும் வரும் எல்லாக் குழந்தைகளையும் ஒரே விதிப்படி கவனிக்கும். தொற்று, தழும்பு, சிறுநீரகச் செயல்பாடு, சிறுநீர்ப்பையின் நிலை ஆகியவற்றைத் தொடர்ந்து கணக்கெடுக்கும். ஒரு விதி பயன் தரவில்லை, அல்லது அளவுக்கு மிஞ்சிச் சுமை தருகிறது என்று தெரிந்தால், நடுவிலேயே திருத்திக்கொள்ளும். தன் விதியைத் தானே திருத்தத் துணிந்ததுதான் இந்த முயற்சியின் பலம் என்று நினைக்கிறேன். மருத்துவத்தில் ஒரு வழக்கம் ஒருமுறை நிலைத்துவிட்டால் அதைக் கைவிட ஒரு தலைமுறை பிடிக்கும்.

விதியின் தொடக்கம் இப்படி. முதுகின் திறப்பை மூடிய பிறகு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டரால் சிறுநீர்ப்பை வடிக்கப்படுகிறது. மிஞ்சி நிற்கும் சிறுநீர் தொடர்ந்து 30 மி.லி.க்கும் குறைவாக இருந்து, ஸ்கேனில் சிறுநீரகத்தில் கடுமையான வீக்கமும் இல்லாவிட்டால் வடிப்பது நிறுத்தப்படுகிறது. ஆனால் அதற்குள் பெற்றோர் அந்தக் கைவேலையைக் கற்றிருப்பார்கள். மூன்றாம் மாதத்தில் சிறுநீர்ப்பை அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக்ஸ் பரிசோதனையும், தழும்பைக் காட்டும் டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேனும் செய்யப்படுகின்றன. பிறகு குறித்த இடைவெளிகளில் அல்ட்ராசவுண்ட், மீண்டும் அழுத்த அளவீடு.

அம்பயர் குழந்தைகளுக்கு எடுத்த தொடக்கநிலை ஸ்கேன்களின் முடிவுகள் 2019-இல் வெளியாகி, பழைய நம்பிக்கையை உறுதிசெய்தன. கைக்குழந்தைகளில் பெரும்பாலானோரின் சிறுநீரகத் திசுவில் தழும்பு இல்லை. அல்ட்ராசவுண்டில் தெரிந்த வீக்கமும் பெரும்பாலும் லேசானது. காக்க வேண்டிய நல்ல சிறுநீரகம் கையில் இருக்கிறது என்பது அதனால் உறுதியாயிற்று.

அந்தப் பரிசோதனை

யூரோடைனமிக்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் பெற்றோர் மிரண்டுபோவதுண்டு. உள்ளே நடப்பது இவ்வளவுதான். மூன்று மாதக் குழந்தையின் சிறுநீர்ப்பை ஏறத்தாழ 45 மி.லி. கொள்ளும். வயதை மாதங்களில் எடுத்து 2.5 ஆல் பெருக்கி 38-ஐக் கூட்டினால் இந்த எதிர்பார்ப்பு அளவு கிடைக்கும். மிக மெல்லிய இரட்டைக் குழாய் ஒன்றைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துகிறார்கள். ஒரு வழியில் உடல் சூட்டுக்கு ஏற்ற உப்புநீர் போகும், மறுவழி அழுத்தத்தைப் படிக்கும். ஆசனவாயில் இன்னொரு சிறு குழாய். குழந்தை அழும்போது வயிற்றில் ஏறும் அழுத்தத்தைக் கழிக்க அது வேண்டும். ஒட்டும் பட்டைகள் வாயில் தசையின் இயக்கத்தைக் காட்டும். உப்புநீர் நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, நிதானமாகச் சொட்டுகிறது. வேகமாக நிரப்பினால் இல்லாத அழுத்தம் இருப்பதாகக் காட்டிவிடும். தாய் பக்கத்தில் நின்று பாலூட்டியபடி குழந்தையை அமைதியாக வைத்துக்கொள்ளலாம். முதல் கசிவு எப்போது வருகிறது, அந்த நொடியில் வரைபடத்தில் அழுத்தக் கோடு எங்கே இருக்கிறது என்பதற்காக எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

கோடு 40-ஐத் தொட்டாலோ, பையின் தேவையற்ற துடிப்போடு வாயில் இறுக்கமும் சேர்ந்து தெரிந்தாலோ, அது ஆபத்தான சிறுநீர்ப்பை. உடனே முறைப்படி வடிப்பதும், பையைத் தளர்த்தும் ஆக்ஸிபியூட்டினின் போன்ற மருந்தும் தொடங்கப்படும். அழுத்தம் தாழ்ந்திருந்தால் தொடர்ந்து கவனித்தால் போதும். இரண்டுக்கும் நடுவே விழுபவர்களைப் பற்றித்தான் முடிவெடுப்பது கடினம். அனுபவமுள்ள வல்லுநர்களிடம் ஒரே வரைபடத்தைத் தனித்தனியே கொடுத்தபோது, அவர்கள் எல்லா இடத்திலும் ஒரே முடிவுக்கு வரவில்லை. எனவே ஒற்றைப் பரிசோதனையின் ஒற்றை எண்ணை வைத்துக் குழந்தையின் தலைவிதியைத் தீர்மானிப்பது சரியாகாது. ஸ்கேன், காய்ச்சல் வரலாறு, வடிக்கும்போது வரும் அளவு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

வீட்டில் நடக்கும் வேலை

சிறுநீரகத்தைக் காப்பதில் பெரும்பங்கு வீட்டில்தான் நடக்கிறது. தாயோ தந்தையோ பாட்டியோ சோப்பால் கை கழுவுகிறார்கள். பெண் குழந்தையாக இருந்தால் முன்னிருந்து பின்னாகத் துடைத்துச் சிறுநீர்த் துவாரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வாரம் அது குழப்பமாகத்தான் இருக்கும். ஆண் குழந்தைக்குக் குறியை நேராகப் பிடித்து, ஜெல் தடவிய கதீட்டரை நிதானமாகச் செலுத்த வேண்டும். வழியில் தடுக்கினால் முரட்டுத்தனம் கூடாது, தசை தளரும்வரை பொறுக்க வேண்டும். சிறுநீர் வரத் தொடங்கியதும் இன்னும் சிறிது உள்ளே விட்டு, ஓட்டம் நின்றபின் மெல்ல இழுக்க வேண்டும். எத்தனை மி.லி. வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது, அடுத்த சந்திப்பில் மருத்துவருக்கு எந்த ஸ்கேனுக்கும் குறையாத தகவல். இக்குழந்தைகளுக்கு ரப்பர் பாலான லேடெக்ஸ் ஒவ்வாமை வரும் வாய்ப்பு மிக அதிகம். கதீட்டர், கையுறை, ஏன் விளையாட்டு பலூன்கூட லேடெக்ஸ் இல்லாததாக இருக்க வேண்டும்.

ஆக்ஸிபியூட்டினின் வாயை உலர்த்தும், வியர்வையைக் குறைக்கும், மலச்சிக்கலைக் கூட்டும். சித்திரை வெயிலில் இந்த மருந்தை உட்கொள்ளும் குழந்தையின் உடல் சூடேறுவதை நம் ஊர்ப் பெற்றோர் தனிக் கவனத்தோடு பார்க்க வேண்டும். தண்ணீரும் நிழலும் கட்டாயம். முகம் சிவந்து உடல் கொதித்தால் மருத்துவரைக் கேட்காமல் அடுத்த வேளையைக் கொடுக்கக் கூடாது. மலம் கட்டி நின்றால் அது சிறுநீர்ப்பையை அழுத்தி வடிப்பதையே கெடுக்கும். சிறுநீர்ப்பைச் சிகிச்சை சரியாக நடந்தும் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது என்றால், முதலில் குடலைக் கவனிக்க வேண்டும்.

தொற்றைப் பற்றி இன்னும் ஒன்று. வழக்கமாகக் கதீட்டரால் வடிக்கப்படும் குழந்தையின் சிறுநீரில் கிருமி இருப்பது சாதாரணம். காய்ச்சல் இல்லை, குழந்தை நன்றாக விளையாடுகிறது, சிறுநீரில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவில் மட்டும் கிருமி என்றால் அது சிகிச்சை தேவைப்படும் நோயன்று. அம்பயர் நடைமுறை காய்ச்சல், சிறுநீரில் வெள்ளணுக்கள், போதிய அளவு கிருமி வளர்ச்சி என்று சேர்த்துப் பார்த்தே தொற்று என்கிறது. ஒவ்வொரு கல்ச்சருக்கும் ஓர் ஆன்டிபயாடிக் என்று கொடுத்துக்கொண்டே போனால், உண்மையான காய்ச்சல் வரும் நாளில் மருந்து வேலை செய்யாமல் போகலாம். அதே நேரம், காய்ச்சலோடு வாந்தியும் சோர்வும் இருந்தால் ஒரு இரவுகூடக் காத்திருக்கக் கூடாது. தழும்பு விழுவது அந்த மணிநேரங்களில்தான்.

கண்ணில் படாமல் போகும் இரண்டு

ரத்தத்தில் கிரியேட்டினின் இயல்பாக இருக்கிறது என்ற அறிக்கை இக்குழந்தைகளில் தவறான நிம்மதியைத் தரலாம். கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, அதைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும். கால்களில் தசை குறைந்த குழந்தைக்கு, சிறுநீரகம் பாதி இழந்த பிறகும் எண் தாழ்ந்தே இருக்கக்கூடும். தசையைச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற அளவீடு இவர்களுக்கு நம்பகமானது. கிரியேட்டினின் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினால், சிஸ்டாட்டின் சி பார்க்க முடியுமா என்று பெற்றோர் தயங்காமல் கேட்கலாம்.

இரண்டாவது, முதல் பரிசோதனையில் எல்லாம் நன்றாக இருந்த குழந்தைகள். அவர்களைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முதுகில் அறுவை நடந்த இடத்தில் தண்டுவடம் ஒட்டிக்கொண்டு, உயரம் வளர வளர இழுபடுவதுண்டு. பிறந்தபோது இயல்பான அளவீடு காட்டிய குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2001-இல் பாஸ்டன் குழு வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பிற்பாடு இப்படிச் சிறுநீர்ப்பை கெட்டது. கருவிலேயே பிளவை மூடும் அறுவை 2011-இல் வெளியான பெரிய ஆய்வுக்குப் பின் பரவியிருக்கிறது. அப்படிப் பிறந்த குழந்தைகளுக்கும் இந்தக் கண்காணிப்பிலிருந்து விலக்கு இல்லை. உலர்ந்திருந்த குழந்தை மறுபடி நனைவது, நடை மாறுவது, முதுகுவலி, புதிதாக மலச்சிக்கல், காரணமில்லாத காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஆண்டுச் சந்திப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். சிறுநீரியல் மருத்துவரோடு நரம்பியல் அறுவை மருத்துவரையும் அந்த வாரமே பார்த்து, அழுத்தத்தை மறுபடி அளக்கச் சொல்ல வேண்டும்.